அச்சத்தை அறிந்த வேதசாட்சி

1534ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 13ஆந் திகதி, தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள லாம்பெத் அரண்மனைக்கு இலண்டன் மாநகரக் குருமார் பலர் அழைக்கப்பட்டிருந்தனர். கன்ரபரி அதிமேற்றிராணியாரின் வாசஸ்தலமாகிய அம்மாளிகையிலே, எட்டாம் ஹென்றி மன்னனுக்கும் அவன் புதிதாக மணந்த ஆன் பொலினுக்கும் பிறக்கும் பிள்ளைகளே அரசுரிமைக்கு உரியவர் என ஆணையிட்டு ஏற்கும் சடங்கு நடைபெற்றது. ஆணையின் வாசகம் அதனோடு நிற்கவில்லை. மன்னனின் முதல் விவாகம் செல்லாதென்பதையும், பாப்பரசரின் அதிகாரம் இங்கிலாந்திலே ஒழிந்ததென்பதையும் ஏற்கச் செய்வதாக அது வரையப்பட்டிருந்தது. அழைக்கப்பட்டவருள் குருப்பட்டம் பெறாதவர் ஒருவரே. இரண்டாண்டுகளுக்கு முன்வரை நாட்டின் நீதித்துறைக்குத் தலைமை தாங்கும் சான்சலர் பதவியை வகித்த தோமஸ் மோர் அவர்.

அவரையே முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். மோர் ஆணைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். பின் அவ்வாணைக்கு அடிப்படையான சட்டத்தையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டுத் தமக்குள் வாசித்தார். அரசுரிமையைப் பற்றி மாத்திரம் ஆணையிடத் தமக்குத் தடையில்லை என்றும், முன்வைக்கப்பட்ட முழு வாசகத்துக்கும் ஆணையிட்டால் தம் ஆன்மா நித்திய ஆபத்துக்கு உள்ளாகும் என்றும் கூறினார். காரணத்தைக் கேட்டபோது கூற மறுத்துவிட்டார். கீழே போய்ச் சற்று யோசிக்கும்படி அனுப்பினார்கள். வெயில் கடுமையாக இருந்தமையால் தோட்டத்துக்கு இறங்காமல், அதனை நோக்கிய ஒரு பழைய அறையிலே தங்கினார்.

அங்கிருந்து அவர் கண்ட காட்சி விசித்திரமானது. சீர்திருத்தப் பிரசங்கியாகிய லற்றிமர் நண்பர்களைத் தழுவியும் சிரித்தும் களிப்போடு உலாவினார். ஆணையிட்டுவிட்ட ஒரு பங்குக் குரு, மாளிகையின் பான அறைக்குச் சென்று எல்லோருங் காணக் குடிக்கக் கேட்டார். ஆணையிட மறுத்த கலாநிதி நிக்கலஸ் வில்சனோ காவலருடன் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். இவற்றையெல்லாம் மூத்த மகள் மார்கிறெற்றுக்கு எழுதிய கடிதத்தில் மோர் சற்றுக் குறும்போடு விவரித்திருக்கிறார். ஆயினும் அன்று சிரித்தவரைக் குறித்து நாம் அவசரத் தீர்ப்புக் கூறலாகாது. அதே லற்றிமர் 21 ஆண்டுகளின் பின், 1555இல், ஒக்ஸ்போர்ட் நகரிலே தம் விசுவாசத்துக்காகத் தீயிலிட்டுக் கொல்லப்பட்டார். வில்சனோ நெடுநாட் சிறையின் பின் ஆணையிட்டு 1537இல் விடுதலை பெற்றார். தோட்டத்திலே கண்டதைக்கொண்டு இவ்விருவரின் முடிவையும் யார் ஊகித்திருக்க முடியும்?

தோமஸ் மோரை நம்மவர் இரு வழிகளில் அறிவர். ‘யூற்றோப்பியா’ என்னும் இலத்தீன் நூலின் ஆசிரியராக மாணவர் அறிவர். 1960இல் றொபேட் போல்ற் எழுதிய நாடகத்தையும், 1966இல் வந்த அதன் திரைப்படத்தையும் கண்டோர் மனச்சாட்சியின் மாவீரராக அறிவர். மேடையிலே நிற்கும் அந்த வீரருக்கும், சிறையிலிருந்து மகளுக்குக் கடிதமெழுதிய மனிதருக்கும் முகச்சாயல் ஒன்றேயாயினும் உள்ளம் ஒன்றன்று. கடிதங்களில் நாம் காண்பவர், நோவுக்கு மிக அஞ்சியவர். வரப்போகும் துன்பங்களையெல்லாம் எண்ணி எண்ணி, அருகிலே மனைவி உறங்கத் தாம் உறங்காது கிடந்த இரவுகளை ஒளிக்காமற் சொன்னவர். இவ்வச்சமே அவரது விசுவாசத்தை விளங்கிக்கொள்ளத் திறவுகோல் என்பது என் எண்ணம்.

அவர் 1478ஆம் ஆண்டளவில் இலண்டனிலே பிறந்தார். தந்தை ஜோன் மோர் பின்னாளில் நீதிபதியானவர். சிறுவயதில் மோர்ட்டன் அதிமேற்றிராணியாரின் இல்லத்திலே ஊழியஞ் செய்தும், ஒக்ஸ்போர்ட்டில் ஏறக்குறைய இரண்டாண்டு கற்றும், பின் தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். இளமையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கார்த்தூசிய துறவிகளின் மடத்தருகே அவர்களுடைய செபதவங்களைப் பின்பற்றி வாழ்ந்தார். துறவியாகும் ஆசை உள்ளே இருந்தது. அதற்குத் தாம் தகுதியற்றவர் என்ற ஐயமும் இருந்தது. தம் பலத்தை மிகையாக மதிக்காத அந்த இளைஞர் 1505இல் விவாகஞ் செய்துகொண்டார். ஆயினும் மடத்திலே பழகிய மயிராடையை மட்டும் கழற்றவில்லை. உயர்பதவிகளின் பட்டாடைக்குள்ளே அது மரணத்தின் முதல்நாள்வரை அவருடம்பை உறுத்திக்கொண்டே இருந்தது.

துணிச்சலின் விலையை மோர் முன்னரே கண்டவர். 1504ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில், ஏழாம் ஹென்றி கேட்ட பெருவரியை இளம் அங்கத்தவரான அவர் எதிர்த்துப் பேசினார். அதற்குப் பழிவாங்க வழி தேடிய மன்னன், மகனிடம் பறிக்க ஒன்றுமில்லாமையால் தந்தையைக் கோபுரச் சிறையில் அடைத்து 100 பவுண் தண்டம் பெற்றபின்னரே விடுவித்தான் என்று மருமகன் வில்லியம் றோப்பர் எழுதிவைத்த வரலாறு கூறுகிறது. மகன் பேசிய வீரத்துக்குத் தந்தை கட்டிய அபராதம் அது.

1516இல் ‘யூற்றோப்பியா’ வெளிவந்தது. ஐரோப்பாவின் அறிஞர் கூட்டத்திலே எராஸ்முசின் நண்பராக அவர் பெயர் பரந்தது. முதல் மனைவி ஜேன் 1511இல் நான்கு குழந்தைகளை விட்டு இறந்தபின் ஆலிஸ் என்னும் விதவையை மணந்தார். பெண்மக்களுக்கும் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த அவ்வீடு, அக்காலத்துக்கு ஒரு புதுமை. அவர் அரசவையிற் சேர்ந்ததையும், 1523இல் பாராளுமன்றச் சபாநாயகரானதையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியை விட்டுவிட முடியாது. 1521இல் லூதரை மறுத்து ஹென்றி மன்னன் ஒரு நூல் எழுதினான். அதிலே பாப்பரசரின் அதிகாரம் மிக உயர்த்திப் பேசப்படுவதைக் கண்ட மோர், பாப்பரசரும் ஓர் அரசர். நாளை அவரோடு பகை நேரக்கூடும். ஆதலின் இவ்விடத்தைச் சற்றுத் தணித்து எழுதுக என்று ஆலோசனை கூறினார். மன்னன் கேட்கவில்லை. பாப்பரசரின் தலைமை தெய்வ நியமனமே என்ற முடிவு மோருக்கு அப்போது இருந்ததில்லை. பின் பல ஆண்டுகள் திருச்சபைப் பிதாக்களின் நூல்களையும் சங்கங்களின் தீர்மானங்களையும் ஆராய்ந்தே அம்முடிவுக்கு வந்தார். உரக்கப் பேசிய மன்னன் பத்தாண்டு சென்றபின் தன் கொள்கையைக் கைவிட்டான். தயங்கித் தயங்கி அக்கொள்கைக்கு வந்தவர் அதற்காகத் தலையைக் கொடுத்தார்.

1529 ஒக்டோபரில் அவர் சான்சலரானார். இனி வருவது அவர் வாழ்வின் இருண்ட பகுதி. அதனை மறைத்து எழுதுவோர் அவருக்கு நன்மை செய்வதாக நினைக்கிறார்கள்; அவ்வாறன்று. அவர் பதவி வகித்த இரண்டரை ஆண்டுகளில் ஆறு பேர் பதிதரென்று எரிக்கப்பட்டனர். தீர்ப்பு வழங்கியது திருச்சபை மன்று, தண்டித்தது நாட்டின் பழஞ்சட்டம் என்பன உண்மையே. எனினும் மோர் அதனை மனமுவந்து ஆதரித்தார். ரிண்டேலை எதிர்த்து அவர் எழுதிய தடித்த நூல்களில் வசைமொழிக்குக் குறைவில்லை. எரியுண்டோருள் ஒருவர் ஜேம்ஸ் பேன்ஹாம். மோரைப் போலவே சட்டத்தரணி. விசாரணைக்கு அஞ்சித் தம் கொள்கையை முதலில் மறுதலித்தார். பின் மனம் பொறுக்காமல், ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைக் கையிலேந்திக் கோவிலில் எழுந்துநின்று, மறுதலித்தது பிழையென்று அழுது சொன்னார். 1532 ஏப்பிரல் முடிவில் அவரை எரித்தார்கள். அஞ்சி வீழ்ந்து, அச்சத்தை மீறி எழுந்த அம்மனிதரின் உள்ளத்தை மோரைவிட நன்றாக யார் அறிந்திருக்கக்கூடும்? அறிந்ததாகக் காட்டும் சான்று ஒன்றும் இல்லை. இதே மோர், மருமகன் றோப்பர் இளமையில் லூதரின் கொள்கையிலே வெறிகொண்டு நின்றபோது, வாதம் பயன்படாதெனக் கண்டு வாதத்தை விட்டு அவருக்காகச் செபிக்கத் தொடங்கியவர். வீட்டிலே காட்டிய அந்தப் பொறுமை நீதியாசனத்திலே காணப்படவில்லை.

பேன்ஹாம் எரியுண்ட இரண்டு கிழமைகளின் பின், மே மாதம் 15ஆந் திகதி, இங்கிலாந்தின் குருமார் மன்றம் மன்னனுக்குப் பணிந்தது. மறுநாளே மோர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணமாகக் கூறியது உடல்நலக் குறைவு. அவர் அரசனை எதிர்த்து அறிக்கை விடவில்லை. செல்சியிலிருந்த வீட்டிற்குப் போனார். வருமானம் சுருங்கியது. பணியாளருக்கு வேறிடம் தேடிக்கொடுத்து, பிள்ளைகளை அழைத்துச் செலவைக் குறைக்கும் வழிகளைச் சிரித்த முகத்தோடு எடுத்துரைத்தார். 1533 யூன் மாதத்தில் ஆன் பொலினின் முடிசூட்டு விழாவுக்கு வரும்படி, அங்கி வாங்க 20 பவுணும் அனுப்பி மூன்று மேற்றிராணிமார் அழைத்தனர். மோர் பணத்தை வைத்துக்கொண்டு விழாவுக்குப் போகாதிருந்தார்.

அக்காலத்தில் மன்னனை வெளிப்படையாக எதிர்த்தவர் இல்லாமலில்லை. கென்ற் பிரதேசத்துப் பணிப்பெண்ணாயிருந்து கன்னியாஸ்திரியான எலிசபெத் பாட்டன், தமக்குத் தேவ காட்சி கிடைப்பதாகக் கூறி வந்தார். ஆனை மணந்தால் மன்னன் ஒரு மாதமேனும் அரசனாக இருக்கமாட்டான் என்று அவர் முழங்கினார். பெரியோர் பலர் அவ்வார்த்தையிலே மயங்கினர். மேற்றிராணியார் ஜோன் ஃபிஷரைப் போன்ற பேரறிஞரே அவருக்குச் செவிகொடுத்துத் தொல்லைக்குள்ளானார். மோரும் அப்பெண்ணை ஒருமுறை கண்டு பேசினார். ஆனால் மன்னனைப் பற்றிய காட்சிகளைக் கேட்க மறுத்தார். அரசர் காரியங்களை எவரிடமும் பேசவேண்டாமென்று புத்தி கூறிக் கடிதமெழுதி, அதன் பிரதியையும் பத்திரப்படுத்தினார். மாதம் கடந்தது; மன்னன் அரசனாகவே இருந்தான். 1533 நவம்பரில், திரண்ட சனங்களின் முன் மேடையேற்றப்பட்டபோது, பாட்டன் தம் காட்சிகள் பொய்யென்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அவரையும், அவரை ஊக்கிய குருமார் சிலரையும் தூக்கிலிட்டார்கள். அப்பெண்ணின் மேல் எனக்கு இரக்கமே உண்டு. அவரை முன்தள்ளித் தம் எண்ணங்களை அவர் வாயிலாகப் பேசுவித்தவர் மேல் அவ்விரக்கம் வரவில்லை.

அவ்வழக்கிலே மோரின் பெயரும் சேர்க்கப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. மகிழ்ந்து ஓடிவந்த மார்கிறெற்றிடம், இது தவணை மாத்திரமே என்றார் தந்தை. அதன்பின் ஒரு மாதமும் செல்லுமுன்னர் லாம்பெத் அழைப்பு வந்தது.

அன்று கிறான்மர் அதிமேற்றிராணியார் ஒரு நுட்பமான வாதத்தை எடுத்தார். ஆணையிட்டோரைக் குற்றஞ் சாட்டேன் என்று மோர் கூறுகிறார். ஆகவே ஆணையிடுதல் பாவமென்பது அவருக்கு நிச்சயமன்று. அரசனுக்குக் கீழ்ப்படிதல் கடமையென்பதோ நிச்சயம். நிச்சயமற்றதை விட்டு நிச்சயமானதைப் பற்றுக என்பதே அது. திகைத்துப்போனதாக மோரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் சற்று நேரத்தில், தம்மைப் பொறுத்தவரை இது நிச்சயமற்ற விஷயமன்று என விடையளித்தார். அந்தக் கிறான்மர் நல்லெண்ணமுள்ளவர். அரசுரிமைப் பகுதிக்கு மட்டும் மோரிடம் ஆணை பெற்று விட்டுவிடலாமென அமைச்சர் குறொம்வெல்லுக்கு எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. 1556இல் அவரே சிறைப்பட்டு, தம் கொள்கைகளை மறுத்துப் பலமுறை கையொப்பமிட்டு, முடிவில் அவற்றையெல்லாம் தள்ளி, கையொப்பமிட்ட வலக்கையை முதலிலே தீயிலிட்டு இறந்த கதையை வாசகர் அறிவர்.

ஏப்பிரல் 17ஆந் திகதி மோர் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் எதிர்கொண்ட கடுஞ்சோதனை காவலரால் வரவில்லை, அன்பினால் வந்தது. மார்கிறெற் தேவ கட்டளைக்கு இணங்குமளவுக்கு என்ற நிபந்தனையோடு தாம் ஆணையிட்டிருந்தார். தந்தையும் அவ்வாறே செய்து வீடு திரும்ப வேண்டுமென மன்றாடினார். மேற்றிராணிமாரும் அறிஞரும் ஏற்றதைத் தந்தை ஒருவர் மறுப்பது எவ்வாறு பொருந்தும்? மோர் ஒரு கதை சொன்னார். யூரர் பன்னிருவரில் பதினொருவர் ஒரு தீர்ப்புக்கு இணங்கினர். எஞ்சிய ஓர் எளிய மனிதர் இணங்கவில்லை. தோழமைக்காகவாவது எங்களோடு சேரும் என்று அவர்கள் கேட்டனர். உங்கள் மனச்சாட்சிப்படி நடந்த நீங்கள் மோட்சத்துக்கும், என் மனச்சாட்சிக்கு மாறாக நடந்த நான் நரகத்துக்கும் போகும்போது, தோழமைக்காக என்னோடு வருவீர்களோ என்று அவர் திருப்பிக் கேட்டாராம். கதையைக் கூறிய தந்தை, மகள் ஆணையிட்டதை மட்டும் ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை. பிறர் மனச்சாட்சியின் சுமையைத் தாம் தூக்குவதுமில்லை; தம் சுமையைப் பிறர்மேல் ஏற்றுவதுமில்லை என்பதே சிறையில் அவர் நிலை. ஆறு சிதைகள் மூண்டபோது இது எங்கே போயிற்று என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

1535 மே 4ஆந் திகதி, கார்த்தூசிய மடத்தலைவர் மூவரும் வேறு இரு குருமாரும் மரண தண்டனைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். சிறைச் சாளரத்தினூடே அவர்களை மோர் மகளோடு நின்று பார்த்தார். மணவிழாவுக்குப் போகும் மாப்பிள்ளைகள்போல அவர்கள் மகிழ்ந்து செல்வதை மகளுக்குக் காட்டி, நெடுங்காலம் தவஞ்செய்தவருக்கு இது கிடைத்தது. உன் தந்தையோ சுகமாக வாழ்ந்தவர், ஆதலால் இன்னும் காக்க வைக்கப்பட்டிருக்கிறார் என்ற கருத்துப்படப் பேசினார்.

அடுத்த மாதம் அவரை விசாரித்த அமைச்சர்கள் கூரிய கணையொன்றைத் தொடுத்தனர். சாவதற்கு அவ்வளவு சித்தமாயிருப்பவர் சட்டத்தை எதிர்த்து வெளிப்படையாகப் பேசுவதுதானே? பேசாதிருப்பது சாவுக்கு அஞ்சுவதைத்தான் காட்டுகிறது என்றனர். ரோசமுள்ள எவரும் இவ்விடத்தில் இடறியிருப்பர். ஒரு வார்த்தை முழங்கியிருந்தால் கேட்டோர் வியந்திருப்பர். சட்டமும் தனக்கு வேண்டியதைப் பெற்றிருக்கும். மோர் முழங்கவில்லை. வலிந்து சாவை அழைக்குமளவுக்குத் தாம் பரிசுத்தமாக வாழ்ந்தவரல்லர் என்றும், அவ்வாறு துணிந்தால் அகந்தையைக் கண்டு இறைவன் தம்மை விழவிட்டுவிடக்கூடும் என்றும், இறைவனே அந்நிலைக்கு அழைத்தால் அவரருளை நம்பியிருப்பதாகவும் பதிலிறுத்தார்.

அந்நாட்களில் அவர் எழுதிக்கொண்டிருந்த கடைசி நூல், ஒலிவத் தோட்டத்திலே இயேசுநாதர் அடைந்த துயரைப் பற்றியது. தேவகுமாரன் ஏன் அஞ்சினார், ஏன் குருதி வியர்த்தார் என்பதே நூலின் மையம். மகிழ்ச்சியோடு பாய்ந்து செல்லும் வேதசாட்சிகளும் உண்டு. நடுங்கி நடுங்கிச் செல்வோரும் உண்டு. இரண்டாமவர் பின்பற்றிச் செல்லத் தம் ஆடையின் விளிம்பு கிடைக்கும்படியே கிறிஸ்து அச்சத்தைத் தம்மேல் எடுத்துக்கொண்டார் என்று மோர் கண்டார். உம்மோடு மரிப்பேன் என்று சூளுரைத்த பேதுரு உறங்கியதையும், வாளை உருவியதையும், விடியுமுன் மறுதலித்ததையும் அவர் நிதானமாக ஆராய்கிறார். சீடர் உறங்க யூதாஸ் ஒருவனே விழித்திருந்த கொடுமையைச் சொல்லும்போது, தம் காலத்து மேற்றிராணிமாரை அவர் எண்ணுவது தெளிவு. அவர் கையெழுத்திலேயே அமைந்த மூலப்பிரதி 1963இல் ஸ்பானிய நகராகிய வலென்சியாவிலே இனங்காணப்பட்டது. வரிக்கு வரி வெட்டலும் திருத்தலும் நிறைந்த பிரதி அது. மரணம் வாயிலில் நிற்கையிலும் சொல்லை நிறுத்துப் பார்த்தவர் மோர்.

இயேசுவின்மேல் கைகள் போடப்பட்ட இடத்தோடு நூல் நின்றுவிட்டது. யூன் 12ஆந் திகதி புத்தகங்களையும் எழுதுபொருள்களையும் அள்ளிக்கொண்டு போக வந்தனர். அவர்களோடு வந்த அரச வழக்கறிஞர் றிச்சேட் றிச், நட்புப் பாவனையிற் பேச்சுக் கொடுத்தார். பாராளுமன்றம் மன்னனைத் திருச்சபைத் தலைவனாக்க முடியாதென மோர் அப்போது கூறினார் என்று பின்னர் சாட்சியும் சொன்னார். யூன் 22ஆந் திகதி ஃபிஷர் மேற்றிராணியாரின் தலை விழுந்தது. யூலை முதலாந் திகதி வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபத்தில் மோரின் விசாரணை நடந்தது. நிற்க இயலாத நிலையில் அவருக்கு ஆசனம் கொடுக்கப்பட்டது. நீதிபதிகளுள் ஆன் பொலினின் தந்தையும் சகோதரரும் மாமனும் இருந்தனர். மௌனம் குற்றமாகாது, சட்டவழக்கின்படி மௌனம் சம்மதத்தையே குறிக்கும் என்று மோர் வாதாடினார். றிச்சின் சாட்சியைப் பொய்ச் சத்தியமென்று மறுத்தார். மேற்றிராணிமாரிடமும் அமைச்சரிடமும் சொல்லாத இரகசியத்தை இம்மனிதரிடமா சொல்லுவேன் என்ற பொருள்பட வினவினார். உடனிருந்த இருவரும், புத்தகங்களைக் கட்டும் வேலையில் ஈடுபட்டதால் பேச்சைக் கேட்கவில்லை என்றனர். யூரர் கால் மணி நேரத்தில் குற்றவாளியெனத் தீர்த்தனர்.

தீர்ப்பு வந்தபின்னரே, சட்டத்தரணியின் கவசத்துக்கு இனிப் பயனில்லை என்ற நிலையிலே, மோர் வாய்திறந்தார். ஒரு நாட்டுப் பாராளுமன்றம் கிறிஸ்தவ உலகம் முழுவதற்குமுரிய திருச்சபைச் சட்டத்தை மாற்ற முடியாதென்று தெளிவாகச் சொன்னார். தனிமனிதன் நினைத்ததே நியாயமென்று அவர் கூறவில்லை. தம் நாட்டின் ஒரு சபைக்கு எதிரே, ஆயிரம் ஆண்டுகளின் பொதுச் சபைகளையும் புனிதரையும் தம் பக்கத்துச் சாட்சிகளாக வைத்தார். பின் நீதிபதிகளை நோக்கி, ஸ்தேவானைக் கொல்ல உடந்தையாயிருந்த பவுலும் ஸ்தேவானும் இன்று மோட்சத்தில் ஒன்றாயிருப்பதுபோல, நாமும் அங்கே மகிழ்ந்து சந்திப்போமாக என்று வேண்டிக்கொண்டார்.

சிறைக்குத் திரும்பும் வழியில், கோபுரத் துறையடியில், மார்கிறெற் ஈட்டியேந்திய காவலரை ஊடறுத்து ஓடித் தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். விலகிச் சென்று, மனம் கேளாமல் மீண்டும் ஓடிவந்தார். யூலை 5ஆந் திகதி கரித்துண்டால் எழுதிய இறுதிக் கடிதத்தில், அன்று நீ என்னை முத்தமிட்ட விதத்தைப்போல வேறெதுவும் எனக்கு உவப்பாயிருந்ததில்லை என்று தந்தை தெரிவித்தார். மயிராடையையும் அவரிடமே அனுப்பிவிட்டார். பிறர் காண அதை அணிந்து வெட்டுமேடைக்குப் போக அவர் விரும்பவில்லை போலும்.

மறுநாட் காலையில், அதிகம் பேசவேண்டாமென்ற மன்னனின் ஆணை வந்தபோது, அதற்கும் கீழ்ப்படிந்தார். ஆட்டங்கண்டிருந்த மேடையிலே ஏற உதவும்படி காவலதிகாரியைக் கேட்டு, இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சனங்களிடம் சில வார்த்தைகளே பேசினார், கொலைஞனை முத்தமிட்டார்.

உடலைக் கோபுரத்துச் சிற்றாலயத்திலே புதைத்தார்கள். தலை இலண்டன் பாலத்திலே கம்பத்தில் ஏற்றப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. பின் அதை மார்கிறெற் பெற்றுக்கொண்டு, 1544இல் தாம் இறக்கும்வரை காத்து வைத்திருந்தார். றோப்பர் குடும்பத்தினரின் கன்ரபரிக் கல்லறையிலே அத்தலை இருப்பதாக நம்புகின்றனர். 1935இல் பாப்பரசர் மோரைப் புனிதரென அறிவித்தார். 1980இல் அங்கிலிக்கன் திருச்சபையும் அவரையும் ஃபிஷரையும் தன் நாட்காட்டியிலே சேர்த்துக்கொண்டது.